கால் ஊன்றாமல் ஓட்டிய வண்டி

கண்ணு, போன வாரம் கல்யாண மண்டபத்தில் நீயும் உன் மாமனாரும் ஆளுக்கு ஒரு பக்கம் என் அக்குளில் கையைக் கொடுத்து, என்னைத் தூக்கிக்கொண்டு போய் மேடையில் நிறுத்தினீர்கள். என் இரண்டு காலும் படியில் படவேயில்லை. மணமக்களுக்கு அட்சதை போட்டேன், போட்டோவுக்குச் சிரித்தேன், பிறகு நீங்களே என்னைக் கீழே இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தீர்கள். உன் முகத்தில் அம்மாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டோம் என்ற நிம்மதி தெரிந்தது. அதனால் நான் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நீ போன் செய்து, இனிமேல் நான் உத்திரமேரூரில் தனியாக இருக்க வேண்டாம், உன் வீட்டுக்கே வந்துவிட வேண்டும், கீழ் அறையைக் காலி செய்து வைத்திருக்கிறாய், குளிக்க வைக்கவும் நடக்க வைக்கவும் வேலைக்கு ஒரு அம்மாவைப் பேசிவிட்டாய் என்றெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாய். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இந்த ஒரு வருஷமாக நன்றாக இருந்த வலது காலும் சொன்னபடி கேட்பதில்லை. மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஆகவே வரத்தான் போகிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அது போனில் சொல்ல வராது. எழுத உட்கார்ந்தால் உன் நைனா வாங்கி வந்த அந்த வண்டியில்தான் போய் நிற்கிறது.

எனக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது இரண்டு வயதில், பிறந்த ஊரான தாமலில். இடது கால் சூம்பிப்போனது. இரும்புக் கம்பியும் தோல் வாரும் வைத்த காலிப்பரை மாட்டி, முட்டியில் ஒரு வளையத்தை இறக்கிவிட்டால் அந்தக் கால் கம்பு மாதிரி நேராக நிற்கும். உடம்பைத் தாங்கும், ஆனால் சட்டென்று எடுத்து முன்னால் வைக்க வராது. நீ பார்த்துப் பார்த்துப் பழகிய கால்தான். உனக்குத் தெரியாத ஒன்று உண்டு: உத்திரமேரூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் அந்த இரும்பை நான் யார் கண்ணிலும் காட்டமாட்டேன். சேலையைப் பாதம் வரைக்கும் இறக்கிக் கட்டுவேன். வாசலில் யாராவது வந்தால் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கமாட்டேன். மருமகளுக்கு மரியாதை தெரியவில்லை என்று சொன்னவர்கள் உண்டு. அந்தப் பேர் பரவாயில்லை என்று இருந்தேன்.

அப்போது ஊருக்குள்ளேயே இருந்த ஆரம்பப் பள்ளியில் எனக்கு வேலை. எழுபதுகளின் கடைசியில், கல்யாணமாகி இரண்டாம் வருஷம், பெரிய ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கு என்னை மாற்றினார்கள். அங்கே பஸ் போகாது. ஏரிக்கரை மேலேயே போய், ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிகிற கலங்கலின் பாறைகளைத் தாண்டி, வரப்பு மாதிரி ஒரு வண்டிப்பாதையில் இறங்க வேண்டும். உன் நைனா மின்சார வாரியத்தில் லைன்மேன். காலையில் என்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு போய் விட்டுவிட்டு, திரும்பி வந்து வேலைக்கு ஓடுவார். சாயந்திரம் மறுபடியும் வருவார். மழை பிடித்ததும் கரையெல்லாம் களிமண் சேறு. ஐப்பசியில் ஒருநாள் இரண்டு பேரும் சைக்கிளோடு சரிந்தோம். எனக்குக் காயம் அதிகமில்லை. காலிப்பர்தான் வளைந்துபோனது. அதைச் சரிசெய்ய மெட்ராஸ் போக வேண்டியிருந்தது. அத்தனை நாளும் நான் கட்டிலில்.

உன் பெரியப்பா அப்போதுதான் வந்து பேசினார். அவரைக் கெட்டவராக நினைத்துவிடாதே. கூட்டுக் குடும்பத்துக்கு மூத்தவர், என்மேல் அவருக்கு இரக்கம்தான். நேராக என்னிடம் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கால இப்டி வெச்சிக்கினு இன்னாத்துக்கும்மா இந்தப் பேஜாரு? நம்ம வூட்ல சோறு இல்லியா? வேலய எழுதிக் குட்துட்டு நிம்மதியா இரு."

உன் நைனா பதில் பேசவில்லை. எனக்கு அதுதான் வலித்தது. அவரும் அப்படித்தான் நினைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நான் படித்த படிப்பு, தாமலில் என் அப்பா மற்ற இரண்டு பெண்களுக்கும் கொடுக்காமல் எனக்கு மட்டும் கொடுத்தது. கல்யாணம் ஆகாவிட்டாலும் இது தன் காலில் நிற்கட்டும் என்று நினைத்துக் கொடுத்தார். அந்த வேலை போனால் நான் அந்த வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் ஆள். அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பொங்கல் கழிந்து சில நாளில் உன் நைனா ஒரு லாரியில் அந்த வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தார். சேலம் பக்கத்து மலையில் ஏதோ எஸ்டேட் ஏலத்துக்கு அவருடைய சிநேகிதன் போயிருந்தான். அவன் மூலமாக வாங்கியது. வெளிநாட்டு மோட்டார் சைக்கிள், அப்போதே ரொம்பப் பழசு. வாசலில் இறக்கியதும் தெருவே கூடிச் சிரித்தது. உயரமாக, எலும்பும் தோலுமாக நின்றது. சீட்டு ஒரு ஆள் உட்காரவே போதாது, பின்னால் உட்கார இடமே கிடையாது. இன்ஜினுக்கும் தரைக்கும் நடுவே ஒரு ஆட்டுக்குட்டி நுழைந்து போகலாம். ஓட்டிக் காட்டுகிறேன் என்று அவர் கிளப்பி, முழுசாக முறுக்கியும் வண்டி சைக்கிள்காரனைத் தாண்டவில்லை. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். என்னைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடத்தான் வாங்கினாராம். பின்னால் இடம் இல்லாத வண்டியை வாங்கி வந்து பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போகப் பார்த்த ஒரே ஆள் உன் நைனாவாகத்தான் இருக்கும். ஒரு பலகையைக் கட்டி என்னை உட்காரவைத்துப் பார்த்தார். நான் பின்னால் உட்கார்ந்ததும் முன்சக்கரம் தரையை விட்டு எழுந்தது. இறங்கிவிட்டேன்.

ஒருநாள் காலை நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஏன் இப்படி ஒரு வண்டியைச் செய்தார்கள் என்று கேட்டேன். எஸ்டேட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொன்னார். வெள்ளைக்காரன் ஆடுகிற ஒரு பந்தயமாம். வேகத்துக்கு அல்ல. பாறை, ஓடை, சேறு என்று வழி குறித்துவிடுவார்கள். மெதுவாக, உட்காராமல் வண்டிமேல் நின்றுகொண்டே ஏறி இறங்க வேண்டும்.

"கால் கீழ பட்டா மார்க் போச்சாம். நிக்காம, கால ஊனாம போவணும். அதுக்குன்னே செஞ்ச வண்டி இது."

நான் கையில் இருந்த இட்லியை வைத்துவிட்டேன். கால் ஊன்றக் கூடாது என்றே ஒரு வண்டியா? உட்கார்ந்து ஓட்டக்கூட வேண்டாம், முட்டியை நேராக நிறுத்தி நின்றுகொண்டே ஓட்டலாமா? என் இடது கால் செய்யத் தெரிந்த ஒரே வேலை நேராக நிற்பதுதான். அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சாயந்திரம் அவர் வந்ததும், நான் ஓட்டுகிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். பிறகு, பிரேக் இடதுகால் பக்கம் கீதே என்றார். அவ்வளவுதான். அவர் ஒத்துக்கொண்டார் என்று எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

அந்த மாசியும் பங்குனியும் நாங்கள் இரண்டு பேரும் வண்டியை எனக்காக மாற்றினோம். அவருக்கும் மோட்டார் வேலை முறையாகத் தெரியாது. கம்பத்தில் ஏறும் ஆள், கம்பியும் இடுக்கியும் பழக்கம், அவ்வளவே. காலால் மிதிக்கிற பின்பிரேக்கை எடுத்துவிட்டு, அதற்கு ஒரு கேபிள் இழுத்து, கிளட்சுக்குக் கீழே கையால் பிடிக்கும்படி சைக்கிள் பிரேக் மாதிரி ஒரு பிடி வைத்தார். இடதுகால் வைக்கும் இடத்தில் வேப்பமரக் கட்டை ஒன்றைச் செதுக்கிப் பொருத்தி, மேலே பழைய டயர் ரப்பரை ஆணி அடித்தார். அந்தக் கால் குட்டை என்பதால் கட்டை உயரமாக இருந்தால்தான் இடுப்பு ஒருபக்கம் சாயாமல் நிற்கும். நான் கட்டைமேல் நிற்பேன், அவர் பின்னால் போய் என் இடுப்பு நேராக இருக்கிறதா என்று பார்ப்பார், மறுபடி செதுக்குவார். ஸ்டாண்டு இடதுபக்கம். அதைக் காலால் தட்டி ஏற்ற எனக்கு வராது. நான்தான் ஒரு வழி சொன்னேன்: ஒரு கயிற்றைக் கட்டி மேலே கொண்டுவந்துவிட்டால் கையால் இழுத்துக்கொள்ளலாம். சேற்றில் புதையாமல் இருக்க அதன் நுனியில் ஒரு தகட்டைப் பற்றவைத்து வாங்கி வந்தார். உதைப்பது வலதுகால், கியர் வலதுகால். அந்த இரண்டும் தெய்வச் செயல்.

காற்று விஷயம் தற்செயலாகத் தெரிந்தது. சைக்கிள் கடையில் டயரைக் கல் மாதிரி அடைத்துக் கொடுத்தான். வண்டி ஒவ்வொரு கல்லிலும் துள்ளி வழுக்கியது. ஒருநாள் முள் குத்திக் காற்று பாதி இறங்கியபோது பார்த்தால், சக்கரம் கல்லைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. அதற்குப் பிறகு கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, கொஞ்சம் அமுங்கும் அளவுக்கே வைத்துக்கொண்டோம். எல்லாவற்றிலும் முக்கியம், இன்ஜின் நடுவழியில் அணையக் கூடாது. கைப்பிடியை விட்டாலும் ஒரே சீராக அது துடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒரு திருகைச் சரிப்படுத்தவே எங்களுக்கு ஒரு வாரம் போனது.

ஓட்டக் கற்றதுதான் சண்டை. அறுவடை முடிந்த எங்கள் வயலில் ஆரம்பித்தோம். அவர் சீட்டின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவருவார். வண்டி லேசாக ஆடினால் போதும், கால ஊனு, கால ஊனு என்று கத்துவார். ஊன்ற முடியாது என்றுதானே இந்த வண்டி! அவர் பிடித்து இழுக்கிற பக்கம் வண்டி சாயும், நான் இடதுபக்கம் விழுவேன். வைக்கோல் தாள்மேல்தான் விழுந்தேன், ஆனாலும் தினம் விழுந்தேன். ஒருநாள் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

"நீங்க கைய எடுங்க. நீங்க புடிச்சிக்கினு வந்தா வண்டி எந்தப் பக்கம் போவுதுன்னே எனக்குத் தெரியல."

"வுட்டா வுயுந்துடுவியே."

"புடிச்சாலும் வுயுறேனே."

அவருக்குக் கோபம் வந்தது. வயலின் ஓரத்துக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார். நான் தனியாக ஏறி, தனியாக உதைத்துக் கிளப்பினேன். முதல் கியரில் அது ஆள் நடக்கிற வேகம்தான் போகும். முட்டி வளையத்தைப் பூட்டி, நிமிர்ந்து நின்று, இடுப்பை மட்டும் அசைத்தேன். வண்டி நான் சாய்கிற பக்கம் சாய்ந்தது. நிறுத்தும்போது வலதுபக்கம் சாய்த்து, வலதுகாலை ஊன்றினேன். அந்தக் கணக்கு பிடிபட்டதும் எனக்குப் பயம் போய்விட்டது. நான் வயலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவருக்கு எதிரே நிறுத்தினேன். அவர் திரும்பிப் பார்த்து, சேலையை ஏன் இப்படித் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறாய், சங்கிலியில் மாட்டும் என்றார்.

அவர் சொன்னது நிஜம். பாதம் வரை சேலை தொங்கினால் அந்த வண்டியை ஓட்ட முடியாது. நாற்று நட இறங்குகிற பெண்கள் மாதிரி வரிந்து முட்டிக்கு மேலே செருகிக் கட்டினால்தான் ஆகும். வயலில் யாருமில்லை, கட்டினேன். ஆனால் பள்ளிக்கூடம் போக வேண்டுமென்றால் ஊர் நடுவே போக வேண்டும். இரும்பும் வாரும் பூட்ஸும் சூம்பிய காலும் கடைத்தெரு பார்க்கும். ஆனி மாதம் பள்ளி திறக்கும் நாளில் வண்டியைத் தெருவில் கொண்டுவந்து வைத்துவிட்டார். நான் உள்ளே சேலையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தேன். அவர் உள்ளே வந்து பார்த்தார். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். அப்படிச் சொன்னதால்தான் போனேன் என்று நினைக்கிறேன். கட்டாயப்படுத்தியிருந்தால் போயிருக்கமாட்டேன். கடைத்தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். ஒரு வாரம் பார்த்தார்கள். அப்புறம் அவரவர் வேலை. இருபத்துச் சொச்சம் வருஷம் நான் மறைத்துவைத்ததைப் பார்த்து முடிக்க ஊருக்கு ஒரு வாரம்தான் ஆனது.

கரைமேல் யாரோ கருவேல முள்ளையெல்லாம் வெட்டி ஒதுக்கிப் பாதையைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். டயரில் முள் ஏறுவதே நின்றுவிட்டது. அது பெரியப்பாவின் வேலை என்று கழனியில் வேலை செய்தவர்கள் சொல்லித்தான் தெரியும். அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்கவில்லை. சாப்பாடு போடும்போது ஒரு கரண்டி நெய்யை அதிகமாக விட்டேன்.

அந்த ஐப்பசியில் ஏரி நிரம்பிக் கலங்கலில் தண்ணீர் வழிய ஆரம்பித்தது. கணுக்கால் ஆழம்கூட இல்லை, ஆனால் பாறையில் பாசி. பின்னாலேயே வரக் கூடாது என்று உன் நைனாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பாதிப் பாறை தாண்டியதும் பின்சக்கரம் வழுக்கியது. இடதுபக்கமே விழுந்தேன். வண்டி என் கால்மேல். காலிப்பரின் வார் எங்கேயோ சிக்கிக்கொண்டது. இன்ஜினை அணைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். கரைமேல் பனைமரத்தடியில் உன் நைனா நின்றுகொண்டிருந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. குடையைக்கூட விரிக்காமல் கையில் பிடித்தபடி நின்றார். வீட்டிலிருந்து அவ்வளவு தூரம் என் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறார். நான் விழுந்ததும் ஓடிவர இரண்டு அடி எடுத்து வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

நின்றார், கண்ணு. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் காலை இழுத்துப் பார்த்தேன். வண்டியைத் தள்ளிப் பார்த்தேன். முடியவில்லை. அவர் அசையவில்லை. கடைசியில் நானே கையைத் தூக்கி, வாங்க என்று கூப்பிட்டேன். அப்புறம்தான் ஓடிவந்தார், அப்படி ஓடிவந்தார். பக்கத்தில் வந்து குனிந்து, என்னைத் தொடாமல் கேட்டார்.

"எங்க புடிக்கணும், சொல்லு."

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் என்னைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில், பஸ்ஸில், கோயில் படியில். எல்லோரும் நல்லவர்கள். கையை, அக்குளை, இடுப்பை, கிடைத்த இடத்தைப் பிடிப்பார்கள். அவர்கள் பிடிக்கிற இடத்தால் என் இடுப்பு ஒருபக்கமாக முறுக்கிக்கொள்ளும், இருக்கிற சமநிலையும் போகும். எங்கே பிடிக்க வேண்டும் என்று அதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. தண்ணீரில் உட்கார்ந்துகொண்டே நான் அழுதேன். மழையில் அது அவருக்குத் தெரிந்ததோ என்னவோ. என்னைப் பிடிக்காதீர்கள், பின்சக்கரத்தைத் தூக்குங்கள் என்றேன். தூக்கினார். வாரை அவிழ்த்துக்கொண்டு காலை எடுத்தேன். வண்டியை நிமிர்த்தி ஆடாமல் பிடிக்கச் சொல்லி, அதைப் பற்றிக்கொண்டு நானே எழுந்தேன்.

வண்டியை அந்தப் பக்கம் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டார். விடுங்கள் என்றேன். அவர் ஓட்டிப் போக, நான் குடையை ஊன்றிக்கொண்டு பாறைமேல் மெதுவாக நடந்து போனேன். அன்று அந்தப் பாறையில் என்னால் ஓட்ட முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது, ஒத்துக்கொள்ள வெட்கமாக இல்லை. தண்ணீர் வழிந்த நாள்களிலெல்லாம் நானே அவரை வரச் சொன்னேன். பனைமரத்தடியில் நிற்பார். சில நாள் நானே தாண்டிப் போய்விடுவேன், சில நாள் கூப்பிடுவேன். நீ என் வயிற்றில் ஐந்து மாதம் ஆகிறவரை அந்த வண்டியில் போனேன். நீ பிறந்த பிறகு சாலை ஓரப் பள்ளிக்கு மாற்றல் வந்தது. கொஞ்ச காலம் உன் நைனா ஓட்டினார், பிஸ்டன் பிடித்துக்கொண்டது, மாற்று கிடைக்கவில்லை. பழைய வண்டிகளைச் சேர்க்கிற மெட்ராஸ்காரர் ஒருவர் வந்து கேட்டார், கொடுத்துவிட்டோம். எனக்கு அதில் வருத்தமில்லை.

நீ உன் நைனாவைக் கடைசிக் காலத்தில் எப்படிப் பார்த்துக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். ராத்திரி பகல் பார்க்காமல் கிடந்தாய். உன் மனசில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மண்டபத்தில் நீ என்னைத் தூக்கியதும் பிரியத்தால்தான். ஆனால் அந்தப் படிகளில் வலப்பக்கம் ஒரு கைப்பிடி இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, நல்ல காலை முன்னால் வைத்து ஏறியிருப்பேன். நேரம் ஆகியிருக்கும். பின்னால் நிற்பவர்கள் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். நீ என் பின்னால் ஒரு படி கீழே நின்றிருந்தால் எனக்குப் போதும். உன் மனைவியிடமும் இதைச் சொல். நாளைக்கு உன் பிள்ளைகள் தடுமாறினாலும், அவர்கள் வாய் திறந்து கூப்பிடுகிறவரை ஒரு நிமிஷம் நின்று பார். அப்படி நிற்பது ரொம்பக் கஷ்டம். பனைமரத்தடியில் நின்றவருக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று நீ பெரியவனாகி முதன்முதலாகச் சைக்கிளில் தனியாகத் தெருமுனை தாண்டியபோதுதான் எனக்குப் புரிந்தது.

தை பிறந்ததும் வருகிறேன். பேசி வைத்த அந்த அம்மா வரட்டும். சமையலுக்கும் துணி துவைக்கவும் ஒத்தாசையாக இருக்கட்டும். குளிப்பது நானே. குளியலறையில் சுவரோடு ஒரு இரும்புக் கம்பி வைத்துவிடு. நுழையும்போது வலக்கைப் பக்கம் வர வேண்டும், வழவழப்பாக இருக்கக் கூடாது. எவ்வளவு உயரம் என்று கொத்தனார் கேட்பார். அவர் இஷ்டத்துக்கு வைத்துவிடப் போகிறார். தரையிலிருந்து என் இடுப்பு வரை அளந்து ஒரு நூலை வெட்டி இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். பிரிக்கும்போது கீழே விழுந்துவிடாமல் பார்த்து எடு.

அம்மா